இரண்டு வேகத்துக்கு ஒரு ரைம்கீப்பர்

ஆட்களைப் புகழ்வது என் தொழில் இல்லை. கிண்ணியாவில் கைத்தொலைபேசி திருத்தும் கடை வைத்திருக்கிறவன் நான். போனைத் தண்ணீரில் போட்டுவிட்டு, 'சும்மா வச்ச இடத்திலேயே நிண்டுபோச்சு நானா' என்று கொண்டுவந்து நீட்டுகிறவர்களை நாள் முழுக்கப் பார்க்கிறவனுக்கு மனிதர்கள்மேல் பெரிய மரியாதை வராது. இருந்தும் ஒருவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதாமல் இருக்க என்னால் முடியவில்லை. அவர் பெயர் அஞ்சலோ. திருகோணமலை பஸ் ஸ்ராண்டில் தனியார் பஸ்களுக்கு ரைம்கீப்பர்.

ரைம்கீப்பர் என்றதும் மணிக்கூடு திருத்துகிறவர் என்று நினைத்துவிட வேண்டாம். நிலாவெளி, குச்சவெளி, புல்மோட்டை என்று கரையோரமாக ஓடுகிற பஸ்களில் எது எந்த நேரத்துக்குக் கிளம்ப வேண்டும் என்று பார்த்து அனுப்புகிறவர். கழுத்தில் ஒரு விசில் தொங்கும். அவர் ஊதினால் பஸ் நகர வேண்டும். கொஞ்சம் பிந்தினால் பின்னால் நிற்கிற பஸ்காரர் கத்துவார். கொஞ்சம் முந்தினால் முன்னால் போனவர் திரும்பி வந்து கத்துவார். இதற்கு நடுவில் ரவுனில் திரிகிற மான் ஒன்று வந்து பின்சில்லுக்குப் பக்கத்தில் படுத்துக்கொள்ளும். மானை எழுப்பி, கத்துகிறவரை இருத்தி, பஸ்ஸை அனுப்பி, அஞ்சலோ அண்ணன் எத்தனையோ வருடமாக அந்தச் சின்னக் கொட்டிலுக்குள் இருக்கிறார். ஒருநாளாவது யாரையும் அவர் 'நீ' என்று சொல்லி நான் கேட்டதில்லை. பொறுமை இல்லாத எனக்கு அதைப் பார்க்கவே எரிச்சல் வரும்.

அந்த ஸ்ராண்டில் ஒரு வழக்கம் உண்டு. சாரதிகள் தங்களுக்குள் எவ்வளவு சண்டை பிடித்தாலும் ரைம்கீப்பரிடம் ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுக்க மாட்டார்கள். பக்கக் கண்ணாடியை உடைத்தது யார் என்று கேட்டால், கண்ணாடியைப் பறிகொடுத்தவரே 'அது தானா விழுந்தது' என்பார். வெளியூர் பஸ் உடைத்திருந்தால் மட்டும் நம்பரில் இருந்து சாரதியின் சட்டை நிறம் வரை ஒப்புவிப்பார்.

"ஆர் செய்தது எண்டு நான் கேக்கிறது பதிலுக்கில்லை, முனாப்," என்று அஞ்சலோ அண்ணன் ஒருமுறை என்னிடம் சொன்னார். "ஆர் ஆருக்காகப் பொய் சொல்லீனம் எண்டு பாக்கத்தான். பொய் சொன்னா எங்கட ஆள் எண்டு அர்த்தம்."

இதை நான் அப்போது ஒரு காதால் கேட்டு மறு காதால் விட்டேன்.

கொரோனா வந்து பஸ்கள் நின்ற காலத்தில்தான் கதை தொடங்குகிறது. நிலாவெளியில் ஒரு ஹோட்டல்காரர் கடையைக் கட்டிக்கொண்டு சாமான்களை விற்றார். பாலையூற்றில் இருக்கிற தன் வீட்டுக்கு நல்ல பிரிட்ஜ் ஒன்று எடுத்து வரச் சொல்லி மக்டலின் அக்கா தன் கணவரான அஞ்சலோ அண்ணனை அனுப்பினார். அவர் லொறியில் கொண்டுவந்து இறக்கியது ஸ்ரியரிங்கும் பெடலும் பூட்டிய ஒரு கதிரை. ஹோட்டலில் விருந்தாளிகள் கணினியில் கார் ஓட்டி விளையாட வைத்திருந்தது.

"பிரிட்ஜ் எங்க?" என்று அக்கா கேட்டார்.

"அது வித்துப்போச்சு. இது நிண்டுது."

பழைய பிரிட்ஜின் கதவை இன்றைக்கும் கயிற்றால்தான் கட்டி வைத்திருக்கிறார்கள்.

பஸ் இல்லாத சாரதி எங்கே போவார்? ஸ்ரியரிங் இருக்கிற இடத்துக்குத்தான் போவார். முகக்கவசத்தோடு ஒவ்வொருவராக பாலையூற்றுக்கு வரத் தொடங்கினார்கள். முதலில் வந்தவர் தம்பிராசா. இளந்தாரியாக இருந்த காலத்தில் இருந்து நிலாவெளி வீதியில் பஸ் ஓட்டுகிறவர். வீட்டில் அடைந்து கிடந்ததில் அவருக்குச் சாப்பாடும் இல்லை, பேச்சும் இல்லை என்று அவருடைய பஸ்ஸின் கொண்டக்டர் றிக்சன்தான் கூட்டிக்கொண்டு வந்தான். கதிரையில் ஏறி இருந்தவர் முதலில் கண்ணாடியைச் சரிசெய்யக் கையை நீட்டினார். கண்ணாடி திரைக்குள் இருந்தது. பிறகு வெளிநாட்டுப் பந்தயப் பாதை ஒன்றில் மணிக்கு நாற்பது கிலோமீற்றர் வேகத்தில் அமைதியாக ஒரு சுற்று வந்து இறங்கினார். அன்றைக்கு வீட்டுக்குப் போய் இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டார் என்று றிக்சன் வந்து சொன்னான்.

அஞ்சலோ அண்ணனுக்கு அந்தச் சோற்றுக் கதை போதுமாக இருந்தது. என்னைக் கூப்பிட்டார். பழைய ஸ்ரியரிங், உடைந்த பெடல், தூக்கிப் போட்ட கணினி எல்லாவற்றையும் தேடி எடுத்துத் திருத்தித் தரச் சொன்னார். இளசுகள் கைவிட்ட சாமான்கள் ஊரில் நிறையக் கிடந்தன. நான் முணுமுணுத்துக்கொண்டே திருத்தினேன். கொஞ்சக் காலத்தில் அரை டசின் பஸ் சாரதிகளும் சில ஓட்டோக்காரர்களும் தங்கள் தங்கள் வீடுகளில் இருந்து இணையத்தின் வழியாக ஒரே பாதையில் ஓடினார்கள்.

முதல் பந்தயத்தை நான் சாகும் வரை மறக்க மாட்டேன். மூன்று நிலாவெளிக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராகத் தொடங்கினார்கள். தொடங்கிய வரிசையிலேயே ஓடினார்கள். முடியும் வரைக்கும் அப்படியே ஓடினார்கள். முன்னால் போனவர் வளைவில் சறுக்கிப் புல்லுக்குள் போனபோது பின்னால் வந்த இரண்டு பேரும் நின்று, அவர் ஏறி வந்த பிறகு தொடர்ந்தார்கள். ஒரே வீதியில் முதலில் கிளம்பிய பஸ்ஸைப் பின்னால் கிளம்பியது முந்தக் கூடாது. முந்தினால் ஸ்ராண்டில் அடிதடி. பந்தயம் என்பது முந்துவதற்கு என்று அவர்களுக்கு விளங்க வைக்க அஞ்சலோ அண்ணனுக்கு ஒரு பின்னேரம் பிடித்தது.

பஸ்கள் திரும்பவும் ஓடத் தொடங்கிய பிறகும் அவர் இதை விடவில்லை. கிண்ணியாவில் இருந்து அஷ்பாக் வந்து சேர்ந்தான். வீட்டில் இருந்தே வெளிநாட்டுக் கம்பனிக்கு மென்பொருள் எழுதுகிறவன். மூன்று திரை, விலை கூடிய ஸ்ரியரிங், வெளிநாட்டுப் பந்தயங்களில் ஓடிய பழக்கம். அவன் பின்னால் அவனைப் போன்ற கெட்டிக்காரர்கள் வேறு ஊர்களில் இருந்தும் வந்தார்கள். இவர்களையும் தம்பிராசாவையும் ஒரே மாதிரி வண்டியில் விட்டால் அது பந்தயம் இல்லை, பாவம். அதனால்தான் அஞ்சலோ அண்ணன் இரண்டு வகுப்பு வைத்தார். கெட்டிக்காரர்களுக்கு வேகமான வண்டி. மற்றவர்களுக்கு மெதுவான வண்டி. பாதை ஒன்று, நேரம் ஒன்று, பரிசு மட்டும் வகுப்புக்கு வகுப்பு வேறு. ஞாயிற்றுக்கிழமை பகலில் தொடங்கி ஆறு மணித்தியாலம் ஓட வேண்டும். ஒரு வண்டிக்கு இரண்டு பேர், மாறி மாறி. வேகமான வண்டிகள் அந்த ஆறு மணித்தியாலமும் மெதுவான வண்டிகளைத் தாண்டிக்கொண்டே இருக்க வேண்டும். தாண்டுவதில்தான் பந்தயத்தின் முழு உயிரும் இருக்கிறது.

ஞாயிறு காலையில் மாதா கோயிலில் பூசை முடித்து வந்து, சாப்பிட்டு, ஹோலில் இரண்டு திரைக்கு முன்னால் அவர் உட்காருவார். பக்கத்தில் நான். இணையத்தில் பார்க்கிறவர்களுக்காக ஆறு மணித்தியாலமும் தமிழில் நேர்முக வர்ணனை செய்வது என் வேலை. திட்டுவதற்கு ஒலிவாங்கி கொடுத்தால் யார்தான் வேண்டாம் என்பான்? தொடக்கத்துக்குக் கொடி கிடையாது. ஸ்ராண்ட் விசிலை ஒலிவாங்கியில் ஊதுவார், வண்டிகள் பறக்கும்.

அவர் போட்ட சட்டங்களை வெளிநாட்டுப் பந்தயக்காரர்கள் பார்த்தால் தலையைச் சொறிவார்கள். கரண்ட் போனவர் கரண்ட் வந்ததும் விட்ட இடத்தில் இருந்து சேரலாம். எல்லாரும் கட்டாயம் எடுக்க வேண்டிய நீண்ட ஓய்வைப் பின்னேர அஸர் தொழுகை நேரத்துக்குப் பொருந்த வைத்தார். முஸ்லிம்களான எங்களில் யாரும் அதைக் கேட்கவில்லை. அதை அறிவித்த அன்று வர்ணனையில் நான் ஒருவரையும் திட்டவில்லை. எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போனது அப்போதுதான். அதுவரைக்கும் பொறுத்துக்கொண்டுதான் இருந்தேன்.

எங்கள் லீக்கின், அதாவது பந்தயத் தொடரின், மூன்றாவது பருவத்தில் வந்தது வினை. இறுதிப் பந்தயத்துக்கு முந்திய பந்தயம். அஷ்பாக் முதலாவதாக வந்துகொண்டிருந்தான். அவனுக்கு முன்னால் ஒரு சுற்றுப் பின்தங்கித் தம்பிராசா. தாண்டுவதற்கு முன் அஷ்பாக் முன்லைற்றை இரண்டு தரம் அடித்தான். அடித்துவிட்டு உட்பக்கமாக, இடது கைப்பக்கம் நுழைந்தான். அதே கணம் தம்பிராசாவும் மரியாதையாக இடது பக்கம் ஒதுங்கினார். இரண்டு வண்டியும் சுவரில் போய்ச் சப்பளிந்தன.

இப்படி நடந்தது முதல் தரம் இல்லை. இந்தப் பந்தயத்தின் அடிப்படைச் சட்டமே மெதுவான வண்டி ஒதுங்கக் கூடாது என்பதுதான். அது தன் பாட்டில் நேரே போக வேண்டும். வழி கண்டுபிடித்துத் தாண்டுவது வேகமான வண்டியின் பொறுப்பு. ஒதுங்குகிறவர் எந்தப் பக்கம் ஒதுங்குவார் என்று பின்னால் வருகிறவனுக்கு எப்படித் தெரியும்? அஞ்சலோ அண்ணன் இதை ஒவ்வொரு பந்தயத்துக்கு முன்னும் சொல்லுவார். எல்லாரும் 'ஓம் ஓம்' என்பார்கள். ஓடும்போது ஒதுங்குவார்கள்.

அன்று பின்னேரம் வட்ஸ்அப் குழு கொதித்தது. வேகமான வகுப்பு முழுவதற்கும் சேர்த்து அஷ்பாக் பேசினான். அவன் மரியாதை கெட்டவன் இல்லை. குரல் செய்தியாகத்தான் அனுப்பினான்.

"அஞ்சலோ அண்ணன், குறை நினைக்க வேணாம். எங்களுக்கு இப்படி ஓட ஏலாது. அடுத்த பருவம் அவங்களுக்கு வேற நாள், எங்களுக்கு வேற நாள் வைங்க. இல்லாட்டி நாங்க வேற லீக் பாத்துக்கிறோம்."

அஞ்சலோ அண்ணன் அதை இரண்டு தரம் கேட்டார். அவருடைய முகம் அப்படி வாடி நான் பார்த்ததில்லை.

"பிரிச்சா என்ன?" என்று கேட்டேன். "இவங்கள் ஒரு நாள், அவங்கள் ஒரு நாள். தலையிடி மிச்சம்."

"பிரிச்சா எங்கட ஆக்கள் ரெண்டு பந்தயம் ஓடுவினம், முனாப். பிறகு ஒராள் கலியாண வீடு எண்டுவார், ஒராள் காய்ச்சல் எண்டுவார். அஷ்பாக் ஓடுற றோட்டில தானும் ஓடுறன் எண்ட சந்தோசத்திலதான் தம்பிராசா அண்ணன் ஞாயிற்றுக்கிழமை ஷேவ் எடுத்துப்போட்டு வந்து இருக்கிறார். அதை எடுத்தா ஒண்டும் மிஞ்சாது."

பிறகு குழுவில் தன் பதிலைப் போட்டார். இறுதிப் பந்தயம் வரை பொறுங்கள்; அதில் மெதுவான வண்டி ஒன்று ஒதுங்கி வேகமான வண்டியில் மோதினால், நானே பிரித்துவிடுகிறேன். ஒரு மோதல் போதும். நான் தலையில் கை வைத்தேன். ஆறு மணித்தியாலத்தில் நூற்றுக்கணக்கான தடவை தாண்டுவார்கள். இவர் முழு லீக்கையும் கொண்டுபோய்த் தம்பிராசாவின் இடது கையில் வைத்துவிட்டார்.

அடுத்த நாள் பின்னேரம் தம்பிராசா தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு பாலையூற்றுக்கு வந்தார். மூன்று பேரும் இருந்து மோதல்களின் பதிவை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம். அஞ்சலோ அண்ணன் திரையோடு ஒட்டி இருந்து பார்த்தார். திரும்பவும் போட்டார். திரும்பவும் போட்டார். கடைசியில் திரையை நிறுத்திவிட்டு அவரிடம் திரும்பினார்.

"லைற் அடிக்காமத் தாண்டினா நீங்கள் ஒதுங்கேல்ல. அடிச்சா மட்டும்தான் ஒதுங்குறீங்கள். ஏன் அண்ணன்?"

தம்பிராசா நிறுத்திய திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நான் ஓட்டப் பழகின காலம் உனக்குத் தெரியுந்தானே, ரைம்கீப்பர். ஆமிக் கொன்வோய் பின்னால வந்து லைற் அடிச்சா மண்ணுக்க இறக்கிப் போடவேணும். யோசிக்கிறேல்ல. யோசிச்ச ஆக்களையும் எனக்குத் தெரியும்."

அந்தக் காலத்தில் அதே வீதியில் பஸ்ஸின் மிதிபலகையில் தொங்கிக்கொண்டு போன கொண்டக்டர்தான் அஞ்சலோ அண்ணன். மக்டலின் அக்கா தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, தம்பிராசாவின் கோப்பையில் மட்டும் இன்னொரு கரண்டி சீனி போட்டார். நான் முகத்தை மறைக்க, ஸ்ரியரிங்கின் வயரைச் சரிபார்ப்பது போல் குனிந்துகொண்டேன்.

அன்றைக்கே புதுச் சட்டம் வந்தது. தாண்டும்போது லைற் அடிக்கக் கூடாது. அடித்தால் தண்டனை. அஷ்பாக் உடனே அழைத்தான்.

"என்ன அண்ணன் இது? உலகம் முழுக்க லைற் அடிச்சுத்தானே சொல்ற. 'நான் வாறன்' எண்டு மட்டும்தான் அதுக்கு அர்த்தம்."

"உங்களுக்கு அது 'நான் வாறன்', தம்பி. அவருக்கு அது 'ஓடு' எண்டு. நீங்கள் ரெண்டு பேரும் ஒரே பாசை கதைக்கேல்ல. அதுதான் பிரச்சினை."

அஷ்பாக் "இந்த ஒரு பந்தயத்துக்குத்தான்" என்றான்.

சட்டம் போட்டதோடு அஞ்சலோ அண்ணன் விட்டுவிடவில்லை. ஆத்திரத்தில் யாராவது அடித்துவிட்டால்? ஆகவே பின்னேரங்களில் பஸ் ஓட்டம் முடிந்ததும் தம்பிராசாவைக் கூட்டிவந்து அந்த ஹோட்டல் கதிரையில் இருத்துவார். யன்னலை மூடிவிட்டு ரோச் லைற்றை எடுத்துக்கொண்டு முதுகுக்குப் பின்னால் நிற்பார். திரையில் பட்டுத் தெறிக்கிற மாதிரி பளிச்சென்று அடிப்பார். தம்பிராசா இடது பக்கம் சுவரில் ஏற்றுவார். றிக்சன் பக்கத்தில் நின்று, ஸ்ராண்டில் பஸ்ஸைத் தட்டி அனுப்புகிற மாதிரி, "றைற் அண்ணன், நேர, நேர, போங்கோ" என்று கதிரையைத் தட்டுவான். திரும்பவும் ரோச். திரும்பவும் சுவர். மக்டலின் அக்காவிடமும் ஒரு ரோச் கொடுத்திருந்தார். குசினியில் இருந்து வருகிற வழியில் நினைத்த நேரம் அடிப்பார். பிரிட்ஜுக்காகத் தம்பிராசாவிடம் வஞ்சம் தீர்க்கிறார் என்று நான் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. தம்பிராசாவின் சட்டை முதுகு நனைந்து ஒட்டியிருந்தது.

கடைசி நாள் பயிற்சியில் இரண்டுக்கு ஒன்று தவறாமல் ஒதுங்கிக்கொண்டுதான் இருந்தார். எனக்கு நம்பிக்கை இல்லை. அதை நான் அஞ்சலோ அண்ணனிடம் சொல்லவும் செய்தேன்.

"ஸ்ராண்டில மான் எழும்பாட்டி என்ன செய்யிறது?" என்றார். "நிண்டு பாக்கிறதுதானே."

இறுதிப் பந்தயத்தன்று வேகமான வண்டிகள் சொன்ன சொல்லைக் காப்பாற்றின. ஒரு லைற் கூட இல்லை. மெதுவான வண்டிகள் நேரே போயின, மற்றவை வழி தேடித் தாண்டின. நான் வர்ணனையில் திட்ட ஆள் இல்லாமல் காய்ந்துபோய் இருந்தேன். கரண்ட் ஒரு தரம் போய் வந்தது. அஸர் ஓய்வு வந்து போனது. கூட்டாளி றிக்சன் ஓட்டிய பிறகு தம்பிராசா கடைசிக் கட்டத்துக்கு ஏறினார். அவர்களுடைய வண்டி தன் வகுப்பில் மூன்றாவது இடத்தில் இருந்தது. மூன்று பருவத்தில் அவர்கள் அந்தப் பக்கமே போனதில்லை.

கடைசி மணித்தியாலம். முதலாம் இடத்தில் அஷ்பாக். அவனுக்குப் பின்னால் ஒட்டினாற்போல் இன்னொரு வண்டி. முன்னால், குறுகலான வளைவில், தம்பிராசா. நிதானமாகத் தாண்ட அஷ்பாக்குக்கு நேரம் இல்லை. பளிச். பளிச்.

திரையில் நான் அதைப் பார்த்தேன். அஞ்சலோ அண்ணன் எழுந்து நின்றுவிட்டார். தம்பிராசாவோடு பேசுகிற பொத்தான் அவர் விரலுக்குக் கீழே இருந்தது. 'நேர போங்கோ' என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஆனால் பந்தயத்தை நடத்துகிறவர் ஓடுகிற ஒருவருக்கு உதவக் கூடாது. விரலை எடுத்துக் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

தம்பிராசாவின் வண்டி இடது பக்கம் ஒரு சாண் அசைந்தது. அவ்வளவுதான். பிறகு நிமிர்ந்து நேரே போனது. அஷ்பாக் அந்த இடது பக்கத்தால் உரசாமல் புகுந்து போனான். மக்டலின் அக்கா குசினி வாசலில் நின்று சிலுவை போட்டார். நான் ஒலிவாங்கியில் என்ன சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. லண்டனில் இருந்து பார்த்த தம்பிராசாவின் மச்சான், 'முனாப் அழுதவர்' என்று இன்றைக்கும் சொல்லித் திரிகிறார். அது பொய்.

ஆனால் லைற் அடித்தால் தண்டனை என்று சட்டம் இருக்கிறது. தண்டித்தால் அஷ்பாக் வெற்றியை இழப்பான். கோபத்தில் எல்லாரையும் கூட்டிக்கொண்டு போய்விடுவான். தண்டிக்காவிட்டால் சட்டம் வெறும் பேச்சு. "கண்டும் காணாத மாதிரி விடுங்கோ அண்ணன்" என்று நான் காதில் சொன்னேன். அவர் கேட்கவில்லை. வழக்கம்போல முதலில் பாதிக்கப்பட்டவரிடம் விசாரித்தார். எல்லா அணிகளுக்கும் கேட்கிற பொதுத் தொடர்பில்தான் விசாரிப்பார்.

"தம்பிராசா அண்ணன், தாண்டேக்க பின்னால லைற் அடிச்சவையோ?"

தம்பிராசா வளைவை எடுத்து முடித்துத்தான் பதில் சொன்னார்.

"இல்லை, ரைம்கீப்பர். நான் ஒண்டும் காணேல்ல."

அஞ்சலோ அண்ணன் ஒலிவாங்கியை அடைத்தார். அடைத்துவிட்டுச் சிரித்தார். தோள் குலுங்கச் சிரித்தார், கண்ணால் தண்ணி ஓடியது.

"கேட்டனீங்களோ, முனாப்? காட்டிக் குடுக்கேல்ல. அஷ்பாக்குக்காகப் பொய் சொல்லுறார். இனி லீக் பிரியாது."

அன்றைக்கு நான் மறு காதால் விட்ட பேச்சு அப்போதுதான் திரும்பி வந்து காதில் ஏறியது.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி தொடர்பைத் திறந்தார். "அஷ்பாக் தம்பி, நீங்கள் சொல்லுங்கோ."

தம்பிராசா சொன்னதை அவனும்தான் கேட்டிருந்தான். அந்த ஒரு பொய்யைப் பிடித்துக்கொண்டால் வெற்றி அவனுக்குத்தான்.

"அடிச்ச நான்தான், அண்ணன். தண்டனையத் தாங்க."

பதிவைப் போட்டுப் பார்த்து, தீர்ப்பை எழுதி முடிக்கிறதுக்குள் அஷ்பாக் ஒரு முழுச் சுற்று முந்தி மறுபடியும் தம்பிராசாவின் முதுகுக்கு வந்துவிட்டான். அஞ்சலோ அண்ணன் தீர்ப்பை வாசித்தார். லைற் அடித்ததற்கு அஷ்பாக் 'பிற்' வழியாகப் போய்வர வேண்டும். பிற் என்பது எரிபொருள் அடிக்கவும் ரயர் மாற்றவும் ஒதுங்குகிற பக்கப் பாதை. அதற்குள் எல்லா வண்டிக்கும் ஒரே மெதுவான வேகம்தான். அதோடு அவர் நிறுத்துவார் என்று பார்த்தேன். நிறுத்தவில்லை.

"தம்பிராசா அண்ணன், பந்தயம் நடத்துறவருக்குப் பொய் சொன்னதுக்கு உங்களுக்கும் அதே தண்டனை."

றிக்சன் தொடர்பில் ஐயோ என்று கத்தினான். மூன்றாவது இடம் கண்ணுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. தம்பிராசா மட்டும், "சரி, ரைம்கீப்பர்," என்றார். ஸ்ராண்டில் பிடிபடுகிறபோது சொல்லுகிற அதே சரி.

அந்தச் சுற்றின் முடிவில் இரண்டு வண்டியும் சேர்ந்தே பிற்றுக்குள் திரும்பின. முன்னால் ஊரிலேயே மெதுவான வண்டி. பின்னால் ஊரிலேயே வேகமான வண்டி. அதற்குள் இரண்டுக்கும் ஒரே வேகம். வர்ணனைக்காரன் பேச வேண்டிய இடம் அது. நான் ஒலிவாங்கியைத் தள்ளி வைத்தேன். தம்பிராசாவின் குரல் பதற்றமாக வந்தது.

"தம்பி, பின்னால நிக்கிறீங்கள். நான் கொஞ்சம் ஒதுங்கட்டோ?"

"வேணாம் தம்பிராசா அண்ணன்," என்றான் அஷ்பாக். "நீங்க நேர போங்க. நான் பின்னால வாறன்."

பிற் பாதை முடிகிற இடம் வந்தது. அஞ்சலோ அண்ணன் கழுத்தில் கிடந்த விசிலை எடுத்து, நிலாவெளி பஸ்ஸை அனுப்புகிறபோது ஊதுகிற மாதிரி நீளமாக ஊதினார்.